சட்டையின் கரிக்கணக்கு

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பார்கள். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் பலரும் அணிந்திருப்பார்கள். அது கணவனுடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். மலைக் குளிருக்கும், அட்டைக் கடிக்கும், இலைகளின் உரசலுக்கும் அது காவல். காலர் நைந்துபோன பிறகும் அச்சட்டைக்கு ஓய்வில்லை. தோட்டத்திற்கு உதவாமற்போனால் அடுப்படியில் கரித்துணியாகி அதன் வாழ்நாள் முடியும்.

அத்தகைய சட்டை ஒன்றின் மார்பில் உலகப் புகழ் பெற்ற ஆடைக் கம்பெனி ஒன்றின் முத்திரை இருப்பதும் உண்டு. அதே கம்பெனி ஆண்டுதோறும் பளபளப்பான தாளில் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ‘2030க்குள் எங்கள் கரியமில வாயு வெளியீட்டைப் பாதியாகக் குறைப்போம்’ என்பது போன்ற உறுதிமொழிகள் அதில் இடம்பெறுகின்றன. வாசகர்களே, இத்தகைய உறுதிமொழியை எவ்வாறு எடைபோடுவது? ஆடையும் காலணியும் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று மெய்யாகவே தன் வெளியீட்டைக் குறைக்க வேண்டுமானால் எங்கே கை வைக்க வேண்டும்? பள்ளி இயற்பியலில் படித்த வெப்பக் கணக்கைக் கொண்டே இதை நாம் ஆராய்ந்து பார்க்கலாம்.

மூன்று பெட்டிகள்

முதலில் கணக்கு எழுதும் முறையைத் தெரிந்துகொள்வோம். நிறுவனங்களின் கரியமில வாயுக் கணக்குக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் விதிமுறை ஒன்று 2001இல் வகுக்கப்பட்டது. அது வெளியீட்டை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கிறது. நிறுவனம் தன் சொந்த இடத்தில் எரிக்கும் எரிபொருள் முதற்பெட்டி. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் மின்நிலையத்தில் வெளிப்படும் வாயு இரண்டாம் பெட்டி. அதற்காகப் பிறர் செய்யும் வேலைகளில் வெளிப்படுவதும், அதன் பொருள் விற்றபின் வெளிப்படுவதும் மூன்றாம் பெட்டி.

ஒரு சிமெண்டு ஆலைக்கு முதற்பெட்டியே பெரியது. ஆடைக் கம்பெனியின் நிலை வேறு. சுவீடன் நாட்டு எச் அண்டு எம் நிறுவனத்திற்குச் சொந்தமாக ஆடை ஆலைகள் இல்லை. அமெரிக்க நைக்கி நிறுவனத்தின் காலணிகளும் பிறருடைய ஆலைகளில்தான் உருவாகின்றன. நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றிலும் அத்தகைய ஆலை உண்டு. ஆகவே இத்தகைய நிறுவனங்களின் மொத்த வெளியீட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு மூன்றாம் பெட்டியிலேயே கிடக்கிறது. அவர்களுடைய அறிக்கைகளே இதை ஒப்புக்கொள்கின்றன.

இதிலிருந்து முதல் குற்றச்சாட்டு எழுகிறது. ‘எங்கள் கடைகளில் எல்.இ.டி. விளக்குகள், எங்கள் தலைமை அலுவலகத்திற்குச் சூரிய மின்சாரம்’ என்று படம் போட்டுக் காட்டுவது பொய்யன்று. ஆனால் அது மிகச் சிறிய பகுதியைப் பற்றிய மெய். வீட்டுச் செலவைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்பவர் அரிசி, பருப்பு, வாடகை ஆகியவற்றை விட்டுவிட்டு, தீப்பெட்டிச் செலவைக் குறைத்த கதையை மட்டும் சொல்வது போன்றது அது.

எங்கே வெளிப்படுகிறது?

உலக ஆடைத் தொழிலின் மொத்த வெளியீடு எவ்வளவு என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. உலக வெளியீட்டில் 8 முதல் 10 விழுக்காடு என்று மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. மெக்கின்சி நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, 2018ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 210 கோடி டன், அதாவது 4 விழுக்காடு என்றது. உலக வள ஆய்வு நிறுவனம் பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வோ, 2019ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 102 கோடி டன், அதாவது 2 விழுக்காடு என்றது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பெரிய எண்ணைச் சொன்னால்தான் மக்கள் கேட்பார்கள் என்று எண்ணுவது அறிவியல் ஆகாது. 2 விழுக்காடே பெரிய அளவுதான்.

இந்த 2021ஆம் ஆண்டு ஆய்வின் உட்பிரிவே நமக்கு மிகவும் பயன்படுவது. பருத்தி விளைவித்தல், செயற்கை இழை மூலப்பொருள் ஆகியவற்றுக்கு 24 விழுக்காடு. நூலாக்கும் வரையுள்ள வேலைக்கு 15. நெய்தல், பின்னல், சாயமிடல், துணியை முடித்தல் ஆகியவற்றுக்கு 52. வெட்டித் தைப்பதற்கு 9. பாதிக்கு மேல் துணியாக்கும் கட்டத்தில், அதிலும் பெரும்பங்கு சாயப்பட்டறையின் வெந்நீரில்! நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு மிகுதியாதலால், நூற்பாலையின் பங்கும் இங்கே கூடுதலாகவே இருக்கும். தையல் கூடத்தின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பார்வையாளர்களுக்குப் பெரும்பாலும் தையல் கூடத்தைத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள்.

வெந்நீர்க் கணக்கு

சாயப்பட்டறையில் ஏன் இத்தனை வெப்பம்? ஒரு கிலோ பருத்திப் பனியன் துணியை எடுத்துக்கொள்வோம். இதில் சுமார் ஐந்து பனியன்கள் தைக்கலாம். துணியை முதலில் ஏறத்தாழ 95° செ. வெப்பத்தில் வெளுக்க வேண்டும். பின் 60° செ. அளவில் சாயம் ஏற்ற வேண்டும். ஒட்டாத சாயம் நீங்க மறுபடியும் 95° செ. அளவில் சோப்பு நீரில் அலச வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று கொள்வோம். நீரின் தொடக்க வெப்பநிலை 30° செ. என்க.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 1° உயர்த்த 4.2 கிலோ ஜூல் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே 95° வரை ஒரு தடவை சூடாக்க 8 × 4.2 × 65 = 2,184 கிலோ ஜூல். இத்தகைய தடவைகள் இரண்டு. 60° வரை சூடாக்க 8 × 4.2 × 30 = 1,008 கிலோ ஜூல். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 5,400. பிழிந்த துணியில் இன்னும் 0.7 கிலோ நீர் தங்கியிருக்கும். அதை ஆவியாக்க, ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து, சுமார் 1,800 கிலோ ஜூல் தேவை. ஆக மொத்தம் 7,200 கிலோ ஜூல். 3,600 கிலோ ஜூல் ஒரு யூனிட் ஆதலால் இது 2 யூனிட்டுக்குச் சமம்.

இது ஏட்டுக் கணக்கு. இடையிடையே வரும் அலசல்கள், கொதிகலன் புகைபோக்கியில் போகும் வெப்பம், உறை சுற்றாத நீராவிக் குழாய்கள், சாயம் பிசகி மறுபடி ஏற்றுதல் ஆகிய எல்லாம் சேர்ந்தால் இது மூன்று, நான்கு மடங்காகும்.

இதோடு நூற்பாலையை ஒப்பிடுவோம். ஒரு கிலோ பருத்தி நூல் நூற்க, நூலின் எண்ணைப் பொறுத்து 3 முதல் 5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே 4 யூனிட்டுக்கு 2.8 கிலோ. நம் சட்டையின் கரிக்கணக்கில் பெரும்புள்ளிகள் இரண்டு: நூற்பாலையின் மோட்டார், சாயப்பட்டறையின் கொதிகலன். குறைக்க விரும்பும் நிறுவனம் இவ்விரண்டின் அருகில் வந்தாக வேண்டும்.

ஏல ஸ்டோர் கற்பிக்கும் பாடம்

கொதிகலனில் எதை எரிக்கிறார்கள்? தமிழ்நாட்டுச் சாயப்பட்டறைகளில் விறகு மிகுதி. இங்கேதான் ஏலமலைச் சரிவு நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது.

பறித்த ஏலக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். மலையில் ‘ஸ்டோர்’ என்று சொல்லப்படும் உலர்த்தும் கட்டடத்தில் தட்டுகளில் பரப்பி, ஏறத்தாழ 50° செ. வெப்பத்தில் ஓர் இரவும் பகலுமாக உலர்த்துகிறார்கள். சுமார் 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்காயாகிறது. 4 கிலோ நீரை ஓட்ட 9,600 கிலோ ஜூல் அளவுக்கு வெப்பம் தேவை. ஒரு கிலோ ஏலக்காயும் ஒரு கிலோ சாயத்துணியும் வெப்பக் கணக்கில் நெருங்கிய உறவினர்! இரண்டுக்கும் அடுப்பு வேண்டும். இரண்டிலும் புகைபோக்கி வழியே பெரும்பகுதி வீணாகிறது.

நிறுவனங்களின் கணக்கு விதிமுறையில் விறகின் கரியமில வாயு மூன்று பெட்டிகளிலும் சேராது. தனியாக ஓரிடத்தில் குறிக்கப்படும். மரம் வளரும்போது உறிஞ்சிய வாயுதானே எரியும்போது வெளிப்படுகிறது என்பது காரணம். இதனால் நிலக்கரிக் கொதிகலனை விறகுக்கு மாற்றிய மறுநாளே கணக்கில் பெருங்குறைவு தோன்றிவிடும். ஆனால் ஒரே அளவு வெப்பத்திற்கு விறகு வெளியிடும் கரியமில வாயு நிலக்கரி வெளியிடுவதைவிடக் குறைந்ததன்று. அது மறுபடி மரத்தில் ஏறுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை ஏலத்தோட்டக்காரருக்குத் தெரியும். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன் நிழல் மரங்களைக் கவாத்துச் செய்வார்கள். வெட்டிய கிளை அடுத்த ஆண்டுகளில் தழைத்துவிடும். அந்தக் கிளையை எரிப்பது வட்டியைச் செலவழிப்பது போன்றது. அடிமரத்தையே வெட்டி ஸ்டோருக்கு அனுப்பினால் அது முதலைத் தின்பது. அம்மரம் இருந்த இடத்தில் அதே அளவு மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். நிழல் போனதால் செடியும் வாடும். இரண்டும் விறகுதான், எடை மேடையில் இரண்டும் ஒன்றே. கம்பெனி அறிக்கையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. விறகு எங்கிருந்து வந்தது, அங்கே மறுபடி என்ன முளைத்தது என்று சொல்லாத கணக்கை நாம் ஏற்கத் தேவையில்லை.

ஆடிக் காற்றும் தைமாத மின்சாரமும்

நூற்பாலையின் மோட்டாருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளான பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று தமிழ்நாட்டிற்குள் பாய்கிறது. போடியிலிருந்து கிழக்கே ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் சென்றால் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் காணலாம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் கணிசமான பங்கு நூற்பாலைகளும் பிற துணித் தொழிலாரும் நிறுவியது. 2008ஐ அடுத்த ஆண்டுகளின் கடும் மின்வெட்டும் மின்கட்டணமும் அவர்களை அவ்வழியில் செலுத்தின. பன்னாட்டுக் கம்பெனிகளின் பசுமை அறிக்கைகள் பிரபலமாவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. இதைத் தமிழ்நாட்டுத் தொழிலின் உண்மையான பெருமை எனலாம்.

இங்கும் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும். நூற்பாலை ஆண்டு முழுதும் ஓடும். ஆடி மாதத்து நள்ளிரவில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, பின் வேறொரு மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ என்ற ஏற்பாடு நெடுங்காலமாகப் பழகியது. பணக்கணக்குக்கு இது சரி. ஆனால் மின்சாரம் பானையில் ஊற்றி வைக்கும் நீரன்று. தை மாத இரவில் கதிர்கள் சுழலும்போது அந்தக் கம்பியில் வருவது பெரும்பாலும் அனல்மின் நிலையத்தின் மின்சாரமே. ஆடியில் காற்றாலை நிலக்கரியைக் குறைத்தது உண்மை. ஆயினும் ஆண்டுக் கூட்டலை மட்டும் காட்டி ‘நூற்றுக்கு நூறு பசுமை மின்சாரம்’ என்று எழுதுவது மிகை. மின்சாரத்தை வாங்காமல், எங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்தின் சான்றிதழை மட்டும் விலைக்கு வாங்கி ஒட்டுவது அதைவிடவும் பெரிய மிகை. காற்றில்லாத மாதங்களுக்கு ஆலைக்கூரையில் சூரியப் பலகைகளும், இரவுக்குச் சேமிப்பு மின்கலங்களும் சேரும்போதுதான் பெயருக்கேற்ற பொருள் வரும்.

நொய்யலும் கரியும்

திருப்பூர்க் கதையைச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதைத் தமிழ்நாடு அறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பின்பே அவை மீண்டும் இயங்கின. ஆற்றுக்கும் உழவர்க்கும் அது நீதி.

ஆனால் இதற்கு ஆற்றல் விலை உண்டு. கழிவுநீரை முதலில் சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். இதற்கு ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரம் போதும். எஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் நீரை ஒரே தடவையில் ஆவியாக்கினால் 22,60,000 கிலோ ஜூல், அதாவது 600 யூனிட்டுக்கும் மேல்! ஓர் அடுக்கில் எழும் ஆவியையே அடுத்த அடுக்கின் அடுப்பாகப் பயன்படுத்தும் பல்லடுக்கு முறையால் இதை நான்கில், ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். அப்போதும் கொதிகலன் எரிய வேண்டும்.

ஆகவே ஆற்றைக் காத்தால் கரி கூடும் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இது தவறான முடிவு. சாயமிடும்போதே நீரைக் குறைத்தால் இரண்டும் குறையும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டருக்குப் பதில் 5 லிட்டர் நீரில் சாயமேற்றும் இயந்திரம் இருந்தால் மேலே கண்ட 5,400 கிலோ ஜூல் ஏறக்குறைய 3,400 ஆகிறது. சாயம் பிடிக்க லிட்டர் கணக்கில் சேர்க்கும் உப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. உப்புநீர் குறைவதால் காய்ச்சும் செலவும் குறைகிறது. சாயத்தைத் துணியில் அழுத்தி, சுருட்டி, அறை வெப்பத்திலேயே பல மணி நேரம் வைத்திருக்கும் குளிர்முறையோ சாயத்தொட்டியைச் சூடாக்கும் வேலையையே நீக்கிவிடுகிறது. 95° வெப்பத்தோடு சாக்கடைக்குப் போகும் நீரைக் குழாய்ச்சுருள் வழியே செலுத்தி, உள்ளே வரும் புதுநீரைச் சூடாக்கலாம். இவை எல்லாம் தெரிந்த வழிகள். புதிய கண்டுபிடிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

யார் செலவு?

அப்படியானால் ஏன் எல்லாரும் செய்யவில்லை? இதுவே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

மீண்டும் ஏலக்காயையே நோக்குவோம். போடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கும் ஏலத்தில் காயின் பருமனுக்கும் பச்சை நிறத்திற்கும் விலை ஏறும். இதே காயைப் பாதி விறகில் உலர்த்தினேன் என்று ஒருவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்பார் எவருமில்லை. ஆகவே நல்ல அடுப்புக்கு முதல் போடத் தோட்டக்காரர் தயங்குகிறார். சாயப்பட்டறைக்காரர் நிலையும் இதுவே. வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கையில் கரியைக் குறைக்கும் படிவத்தை நீட்டுகிறது. மறு கையில் ஒரு பனியனுக்கு எத்தனை காசு குறைப்பாய் என்று கேட்கிறது. புதிய இயந்திரத்திற்கு வங்கிக்கடன் ஐந்தாறு ஆண்டு. கம்பெனியின் ஆர்டரோ ஒரு பருவத்துக்கு மட்டும். அடுத்த பருவம் அது வேறு நாட்டுக்குப் போய்விட்டால் கடன் யாருடையது?

உறுதிமொழி சுவீடனிலோ அமெரிக்காவிலோ எழுதப்படுகிறது. அதற்கான முதலீடு திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் கேட்கப்படுகிறது. இந்த இடைவெளியே நம் கண்டனத்திற்குரியது. நியாயமாகச் சொல்வதானால், சில நிறுவனங்கள் தாம் சரக்கு வாங்கும் ஆலைகளின் மாற்றத்திற்கு நிதி உதவி செய்யத் தொடங்கியுள்ளன. நிலக்கரிக் கொதிகலன் உள்ள புதிய ஆலைகளைச் சேர்ப்பதில்லை என்ற முடிவும் எடுத்துள்ளன. அது நல்ல தொடக்கம். ஆனால் தடை மட்டும் விதித்து விலை கொடுக்காவிட்டால், சிறு பட்டறை மூடும். பெரிய பட்டறை விறகுக்கு மாறிப் படிவத்தை நிரப்பிவிடும்.

அவசர ஆர்டரும் ஒரு வெளியீடுதான். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏறக்குறைய 13,000 கி.மீ. கடந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒரு கிலோ சரக்குக்குச் சுமார் 0.2 கிலோ கரியமில வாயு. அதே ஒரு கிலோ விமானத்தில் போனால் 4 அல்லது 5 கிலோ! நூற்பாலையில் ஒரு யூனிட், சாயப்பட்டறையில் அரை யூனிட் என்று மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே விமானப் பயணத்தில் கரைந்துவிடும். வடிவத்தை முடிவு செய்யத் தாமதித்துவிட்டு, சரக்கை மட்டும் நாள் தவறாமல் கேட்பதை நிறுத்தினால், ஒரு காசும் செலவில்லாமல் இதைக் குறைக்கலாம்.

காலணியின் கதை

காலணியும் இதே கதையைத்தான் சொல்கிறது. அமெரிக்க மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2013இல் ஒரு ஜோடி செயற்கை இழை ஓட்டக் காலணியின் கணக்கை ஆராய்ந்தனர். அதற்கு ஏறக்குறைய 14 கிலோ கரியமில வாயு. மின்சாரமே தேவைப்படாத ஒரு பொருளுக்கு இது மிக அதிகம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆலையில் வெளிப்பட்டது. காரணம் என்ன? அக்காலணியில் 65 உறுப்புகள். அவற்றை உருவாக்கிச் சேர்க்க 360க்கும் மேற்பட்ட செயல்கள். ஒவ்வொரு சிறு துண்டுக்கும் ஒரு வார்ப்பு, ஒரு சூடு, ஒரு பசை. ஆகவே ‘மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த காலணி’ என்ற விளம்பரம் மூலப்பொருளின் சிறிய பங்கைத்தான் தொடுகிறது. உறுப்புகளைக் குறைத்து, எளிய வடிவம் வரைவதும், ஆலையின் எரிபொருளை மாற்றுவதுமே பெரிய பங்கைத் தொடும்.

ஒன்றுக்குக் குறைந்தது, மொத்தத்தில்?

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கம்பெனி, ஒவ்வோர் ஆடைக்குமான வெளியீட்டை 30 விழுக்காடு குறைத்துவிட்டது என்போம். பாராட்ட வேண்டியதே. அதே காலத்தில் விற்பனை 50 விழுக்காடு பெருகியது. 0.7 × 1.5 = 1.05. மொத்த வெளியீடு முன்னிலும் 5 விழுக்காடு கூடிவிட்டது! வளிமண்டலம் மொத்தத்தை மட்டுமே அறியும். ‘ஓர் ஆடைக்கு’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் இக்காரணத்தால் ஐயத்தோடு படிக்க வேண்டும்.

உலக ஆடை உற்பத்தி 2000க்கும் 2015க்கும் இடையே ஏறக்குறைய இருமடங்காயிற்று என்றும், ஓர் ஆடை அணியப்படும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன என்றும் 2017இல் எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளையின் அறிக்கை கூறியது. ஒரு சட்டையை உருவாக்க 3 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், அதைப் பதினைந்து தடவை அணிந்து எறிபவருக்குத் தடவைக்கு 200 கிராம். நூற்றைம்பது தடவை அணிபவருக்கு 20 கிராம். எந்த இயந்திரமும் இவ்வளவு பெரிய குறைப்பைத் தராது. ஆனால் ‘குறைவாக வாங்குங்கள்’ என்ற வரியை விற்பவரின் அறிக்கையில் காண்பது அரிது. உறுதியான தையல், சாயம் போகாத துணி, பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றைத் தந்து, எண்ணிக்கையைக் குறைத்தும் வாழக் கற்றுக்கொள்ளும் கம்பெனியே மெய்யாகக் குறைத்த கம்பெனி.

கேட்க வேண்டிய கேள்விகள்

மாணவர்களே, இத்தகைய அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் ஐந்து கேள்விகளோடு படியுங்கள். மூன்றாம் பெட்டியின் கணக்கு இதில் உண்டா? குறைந்தது மொத்தமா, ஒன்றுக்கான அளவா? கொதிகலனில் என்ன எரிகிறது, அது எங்கிருந்து வந்தது? பசுமை மின்சாரம் எந்த மாதம், எந்த நேரத்தில் உற்பத்தியானது? ஆலையின் புதிய இயந்திரத்திற்கு யார் பணம் கொடுத்தார்? இவ்வைந்துக்கும் விடை சொல்லும் அறிக்கையை நம்பலாம். படங்கள் மட்டும் மிகுந்த அறிக்கையை மூடி வைத்துவிடலாம்.

இக்கணக்கு யாருக்காக என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2024 கோடையில் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து ஏலமலைத் தோட்டங்களைக் கருக்கின. செடி வாடினால் பறிக்கக் காயில்லை. காயில்லையேல் ஜீப்பில் ஏறும் பெண்ணுக்குக் கூலியில்லை. அவ்வாண்டு வறட்சிக்கு எந்த ஒரு கொதிகலனையும் தனியே குற்றம் சாட்ட முடியாது. ஆனால் உலகின் எல்லாக் கொதிகலன்களின் புகையும் ஒரே வானத்தில்தான் கலக்கிறது. சூடேறும் உலகில் இத்தகைய கோடைகள் கடுமையாகும் என்பதில் அறிவியலாரிடையே ஐயமில்லை. யாரோ வாங்கிச் சில தடவையே அணிந்து எறியும் சட்டைகளின் கரிச்சுமை, ஒரே சட்டையைக் கரித்துணியாகும் வரை அணியும் அந்தப் பெண்ணின் கூலியில் கை வைக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் இந்தக் கூலி எந்தப் பெட்டியிலும் எழுதப்படுவதில்லை.